துருப்பிடிக்காத எஃகு ரகங்கள்: எந்தத் தனிமம் எதைக் காக்கிறது, எதைக் கைவிடுகிறது

துருப்பிடிக்காத எஃகு வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் மூன்றைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்கிறார்கள்: ரக எண், மேற்பரப்பின் பளபளப்பு, காந்தம் ஒட்டுகிறதா இல்லையா என்பது. இவற்றில் பின்னிரண்டும் அரிமானத்தைப் பற்றி ஏறக்குறைய எதையுமே சொல்வதில்லை. முதலாவது சொல்வதையும், அந்த எண்ணுக்குள் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்கிறது என்று அறிந்தவரால்தான் படிக்க முடியும். 409 முதல் 904எல் வரை பரவலாக விற்பனையாகும் ரகங்களை இங்கே மதிப்பிடுகிறேன். ஈரத்திலும் உப்பிலும் அமிலத்திலும் ஒரு ரகம் எப்படி நடந்துகொள்கிறது என்பது ஒரு சோதனை. சிவக்கக் காயும் வெப்பத்தில் காற்றையும் புகையையும் எப்படித் தாங்குகிறது என்பது மற்றொரு சோதனை. ஒன்றில் தேறிய ரகம் மற்றொன்றிலும் தேறும் என்ற நம்பிக்கைதான் நான் பார்த்த தவறான கொள்முதல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

எல்லா ரகங்களுக்கும் பொதுவான தனிமம் குரோமியம். காக்கும் வேலையைச் செய்வது அதுதான். மற்றவை அதற்குத் துணை நிற்பவை, அல்லது வேறு தேவைகளுக்காகச் சேர்க்கப்படுபவை. எஃகில் குரோமியம் ஏறத்தாழ 10.5 விழுக்காட்டைத் தொடும்போது, அதன் மேற்பரப்பில் குரோமியம் செறிந்த ஆக்சைடுப் படலம் ஒன்று இடைவெளியின்றிப் பரவுகிறது. அதன் தடிமன் ஒன்று முதல் மூன்று நானோமீட்டர்தான். கண்ணுக்குத் தெரியாத இந்தப் படலம் கீறப்பட்டாலும், காற்றிலோ நீரிலோ ஆக்சிஜன் இருக்கும்வரை தன்னைத்தானே மூடிக்கொள்ளும். மேலே பூசப்பட்டதல்ல என்பதால் உரிந்துபோகும் பேச்சுக்கே இடமில்லை. ஜெர்மனியில் பிலிப் மொன்னார்ட்ஸ் குரோமிய அளவுக்கும் அமில எதிர்ப்புக்கும் உள்ள உறவை 1911இல் வெளியிட்டார். 1912இல் க்ரூப் நிறுவனத்தின் எடுவார்ட் மௌரரும் பென்னோ ஸ்ட்ராஸும் குரோமியம், நிக்கல் கலந்த எஃகுக்குக் காப்புரிமை கோரினார்கள். 1913இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரேர்லி 12.8 விழுக்காடு குரோமியம் கொண்ட எஃகை உருக்கினார். இன்று நாம் வாங்கும் ரகங்களெல்லாம் இந்த மூன்று ஆண்டுகளில் தெரிந்துகொண்டவற்றின் விரிவாக்கம் என்றே சொல்லலாம்.

படலத்துக்கு ஆக்சிஜன் வேண்டும் என்பதை விற்பனைத் தாள்கள் சொல்வதில்லை. திறந்த பரப்பில் ஒரு குறையும் இல்லாத தகடு, கேஸ்கெட்டுக்கு அடியிலும், வாஷருக்கும் தகட்டுக்கும் இடையிலும், சேறு படிந்த அடிப்பகுதியிலும் அரிக்கப்படுவது இதனால்தான். அந்த இடுக்குகளில் தேங்கிய நீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் படலத்தைப் புதுப்பிக்க வழியில்லாமல் போகிறது. எனவே வடிவமைப்பிலுள்ள குறையை விலையுயர்ந்த ரகத்தால் ஓரளவுக்குத்தான் ஈடுகட்ட முடியும்.

வெப்பத்தில் இதே குரோமியம் வேறு விதமாக உழைக்கிறது. அங்கே உருவாகும் ஆக்சைடு சில மைக்ரோமீட்டர் தடிமனுக்கு வளர்கிறது. அது வளர வளர அடியிலுள்ள உலோகம் குரோமியத்தை இழந்துகொண்டே இருக்கிறது. ஆகவே முதல் நாளில் படலத்தை உருவாக்கும் அளவுக்குக் குரோமியம் இருந்தால் போதாது. தடித்த அந்த ஆக்சைடு செதிலாக உதிரும்போதெல்லாம் மீண்டும் உருவாக்கும் அளவுக்கு இருப்பு வேண்டும். அந்த இருப்பு தீரும் நாளில் இரும்பு ஆக்சைடு முந்திக்கொள்கிறது. அதன் பிறகு தகடு கரைவது வாரக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும். 11 விழுக்காட்டு 409ஐத் தொடர்ந்து 675 டிகிரி செல்சியஸ் வரையும், 17 விழுக்காட்டு 430ஐ 815 வரையும், 25 விழுக்காட்டு 310ஐ 1150 வரையும் காற்றில் பயன்படுத்தலாம் என்று வழக்கமான வழிகாட்டு அட்டவணைகள் கூறுவதன் பின்னணி இதுதான்.

அப்படியானால் குரோமியத்தை அள்ளிப் போட்டுவிடலாமே என்றால், அதற்கும் வரம்பு உண்டு. குரோமியம் மிகுந்த எஃகு 600 முதல் 950 டிகிரி வரையிலான வெப்பத்தில் நெடுங்காலம் இருந்தால், சிக்மா எனப்படும் நொறுங்கும் தன்மையுள்ள கட்டம் உருவாகிறது. 475 டிகிரியை ஒட்டி, 409, 430 போன்ற ஃபெரைட் வகைகளுக்கு (ஃபெரைட் என்பது எஃகின் படிக அமைப்புகளில் ஒன்று) மற்றொரு வகை நொறுங்குதன்மை வந்து சேர்கிறது. ஏறத்தாழ 1000 டிகிரிக்கு மேல் குரோமியம் ஆக்சைடே ஆவியாகத் தொடங்குகிறது. நீராவி கலந்த காற்றில் இந்த ஆவியாதல் 600 டிகிரிக்குச் சற்று மேலேயே தலைகாட்டுகிறது. ஆகவே உலர்ந்த காற்றுக்கான அட்டவணையை நீராவி கலந்த புகைக்கு அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து.

இனி ரகங்களுக்கு வருவோம். 409 இவற்றில் மிக எளியது. குரோமியம் 10.5 முதல் 11.7 விழுக்காடு, கார்பனைக் கட்டிவைக்கச் சிறிது டைட்டானியம், நிக்கல் கிட்டத்தட்ட இல்லை. திறந்தவெளியில் சில மாதங்களிலேயே பழுப்பு நிறம் படியும். அதைப் பார்த்து ஏமாற்றப்பட்டதாக நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பழுப்பு மேல்பூச்சாக நின்றுவிடுகிறது, தகட்டைத் துளைத்துச் செல்வதில்லை. வாகனங்களின் புகைபோக்கிக் குழாய்களுக்கு உலகெங்கும் இது பயன்படுவது, வெப்பத்தையும் சாலை ஈரத்தையும் குறைந்த செலவில் தாங்குவதால்தான். தோற்றம் முக்கியமில்லாத இடங்களுக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். தோற்றம் முக்கியமான இடத்தில் இதை விற்பவர் வாங்குபவருக்கு நியாயம் செய்யவில்லை.

430க்கு வருவதற்கு முன் காந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காந்தம் ஒட்டினால் மட்டமான சரக்கு என்ற நம்பிக்கை வலுவாக வேரூன்றியிருக்கிறது. காந்தம் காட்டுவது படிக அமைப்பை: ஃபெரைட் ஒட்டும், ஆஸ்டெனைட் ஒட்டாது. காக்கிற குரோமியம் எவ்வளவு என்று அது காட்டாது. காந்தம் ஒட்டாத, நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்த 201ஐவிடக் காந்தம் ஒட்டும் 444 பல மடங்கு மேலானது. மிகுதியாக விற்கப்படும், நிக்கல் கலந்த ரகமான 304இன் நல்ல தகட்டைக்கூட மடித்து வளைத்த விளிம்பில் காந்தம் லேசாக இழுக்கும். குளிர்நிலையில் உருக்குலைத்த இடத்தில் ஆஸ்டெனைட்டின் ஒரு பகுதி, காந்தம் ஒட்டும் மார்ட்டென்சைட் என்ற மற்றோர் அமைப்பாக மாறியிருப்பதே காரணம்.

430இல் குரோமியம் 16 முதல் 18 விழுக்காடு, நிக்கல் சேர்ப்பதில்லை. கட்டடங்களுக்கு உள்ளே, உப்பு படாத இடங்களில், இதற்கும் 304க்கும் உள்ள வேறுபாட்டைப் பெரும்பாலானோர் ஒருபோதும் உணரப்போவதில்லை. இதன் உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது: பற்றவைத்த இடத்தில் படிகங்கள் பெருத்து நொறுங்கும் தன்மை வருகிறது, வெல்டை ஒட்டிய பகுதி அரிப்புக்கும் இலக்காகிறது. டைட்டானியமோ நியோபியமோ சேர்த்த 439, 441 ஆகியவை இந்தக் குறையை நீக்கியவை. அதோடு ஏறத்தாழ 2 விழுக்காடு மாலிப்டினமும் சேர்த்தால் 444 கிடைக்கிறது. குழியரிப்பில், அதாவது குளோரைடு படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளாக அரிப்பதில், அது மாலிப்டினம் கலந்த 316க்குப் பக்கத்தில் நிற்கும், சூடான குளோரைடு நீரில் 316ஐவிட நிம்மதியாக இருக்கும். வெந்நீர்த் தொட்டிகளுக்கு என்னைக் கேட்டால் முதலில் 444ஐத்தான் சொல்வேன். ஆனால் கேட்பவர் காந்தத்தை எடுத்து ஒட்டிப்பார்த்துவிட்டு முகம் சுளிப்பார். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

நிக்கல்தான் வாங்குபவர் மிகையாக மதிக்கும் தனிமம். 304இன் விலையை ஏற்றி இறக்குவது அதிலுள்ள 8 முதல் 10.5 விழுக்காடு நிக்கல். அந்த நிக்கல் முதன்மையாகச் செய்வது ஆஸ்டெனைட் அமைப்பை அறை வெப்பநிலையிலும் நிலைநிறுத்துவது. அதனால்தான் 304ஐ ஆழமாக இழுத்து வடிவமைக்கலாம், எளிதாகப் பற்றவைக்கலாம், கடுங்குளிரிலும் அது நொறுங்காது. நீர்த்த கந்தக அமிலம் போன்ற, ஆக்சிஜனேற்றும் தன்மை இல்லாத அமிலங்களில் கரையும் வேகத்தையும் நிக்கல் குறைக்கிறது. ஆனால் சாதாரண ஈரக்காற்றில் துருவைத் தடுப்பது நிக்கல் அல்ல. 18 விழுக்காடு குரோமியத்துக்கு நாம் கொடுக்கும் நன்றியை நிக்கல் வாங்கிக்கொண்டு போகிறது.

நிக்கலின் மறுபக்கத்தை விற்பனையாளர் சொல்லமாட்டார். குளோரைடு, இழுவிசை, வெப்பம் மூன்றும் சேர்ந்தால் எஃகில் தகைவு அரிமான விரிசல் வரும். கொதிக்கும் மக்னீசியம் குளோரைடில் செய்த சோதனைகளில், மிக விரைவாக விரிசல் விட்டவை நிக்கல் 8 முதல் 10 விழுக்காடு கொண்டவைதான். அதாவது, மிகுதியாக விற்கப்படும் கலவையே மிக மோசமான இடத்தில் அமர்ந்திருக்கிறது. நிக்கல் இல்லாத ஃபெரைட் வகைகளுக்கு இந்த நோய் அரிது. நிக்கலை 40 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்தினாலும் தப்பலாம். 60 டிகிரிக்குக் கீழே இருந்தால் கவலையில்லை என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் விதி. ஆனால் அந்த விதி பொய்த்த இடமும் உண்டு. 1985 மே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் உஸ்டர் நகரில் உள்ளரங்க நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து விழுந்து 12 பேர் இறந்தனர். அதைத் தாங்கிநின்ற துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், குளத்திலிருந்து எழுந்த குளோரின் சேர்மங்கள் நிறைந்த காற்றில், சாதாரண அறை வெப்பத்திலேயே விரிசல் விட்டிருந்தன. நீச்சல்குளக் கூரையின் மேல் கழுவப்படாமல் ஆவி படியும் இடங்களில் சுமை தாங்கும் உறுப்புகளுக்கு 304ஓ 316ஓ கூடாது என்ற எச்சரிக்கை அதன் பிறகே வலுப்பெற்றது.

வெப்பச் சோதனையிலும் 304 எதிர்பாராத ஓரிடத்தில் சறுக்குகிறது. நிலையான வெப்பத்தில் 925 டிகிரி வரை தாங்கும் இது, சூடாகி ஆறிச் சூடாகி ஆறும் பணியில் 870க்கு இறங்கிவிடுகிறது. 430க்கு நிலைமை தலைகீழ்: தொடர் வெப்பத்தில் 815, விட்டுவிட்டு வரும் வெப்பத்தில் 870. காரணம் வெப்ப விரிவு. ஆஸ்டெனைட் எஃகு ஃபெரைட்டைவிட ஒன்றரை மடங்கு அதிகமாக விரிகிறது. மேலேயுள்ள ஆக்சைடு அந்த அளவுக்கு விரியாது, சுருங்காது. ஒவ்வொரு ஆறலின்போதும் செதில் தெறித்து விழுகிறது. உலையிலிருந்து இறக்கிய 304 தட்டு ஒன்று ஆறும்போது அருகில் நின்றால், மெல்லிய சடசடப்பு கேட்கும். கீழே கறுத்த செதில்கள் உதிர்ந்து கிடக்கும். உதிர்ந்த இடத்தில் சாம்பல் நிறத் திட்டுகள் தெரியும். அந்தத் திட்டுகள்தான் அடுத்த சுற்றில் குரோமிய இருப்பைச் செலவழிக்கப் போகின்றன. கந்தகம் கலந்த புகையில் இன்னும் கவனம் வேண்டும்: நிக்கலும் நிக்கல் சல்ஃபைடும் சேர்ந்து ஏறத்தாழ 640 டிகிரியிலேயே உருகும் கலவையாகிவிடுவதால், நிக்கல் மிகுந்த ரகங்கள் அங்கே வேகமாகப் பாழாகின்றன.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் 304 நல்ல தயாரிப்புதான் என்றே மதிப்பிடுகிறேன். மெக்சிகோவின் யுகடான் கடற்கரையில் 1937க்கும் 1941க்கும் இடையில் கட்டப்பட்ட புரோக்ரெசோ கப்பல்துறையில் கான்கிரீட்டுக்குள் வைக்கப்பட்டவை இந்த வகைக் கம்பிகளே. அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு ஆராய்ந்தபோதும் அவை நல்ல நிலையில் இருந்தன. காரத்தன்மையுள்ள கான்கிரீட் உதவியிருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். அதே கம்பி திறந்தவெளியில் கடலலை படும்படி நின்றிருந்தால் கதை வேறு.

200 வரிசைக்குப் பொதுவாகக் கிடைக்கும் வசவு முழுவதும் நியாயமானதல்ல. 201இல் குரோமியம் 16 முதல் 18, நிக்கல் 3.5 முதல் 5.5, மாங்கனீசு 5.5 முதல் 7.5 விழுக்காடு, கூடவே 0.25 விழுக்காடு வரை நைட்ரஜன். நிக்கலைக் குறைத்த இடத்தில் ஆஸ்டெனைட்டைப் பிடித்துவைக்கும் வேலை மாங்கனீசுக்கும் நைட்ரஜனுக்கும் தரப்பட்டிருக்கிறது. மாங்கனீசு அரிமான எதிர்ப்புக்கு நேரடியாக எதையும் தருவதில்லை. கந்தகத்தோடு சேர்ந்து மாங்கனீசு சல்ஃபைடு துணுக்குகளாகி, குழியரிப்பு தொடங்க இடம் கொடுக்கவும் செய்கிறது. வெப்பத்தில், குரோமியம் ஆக்சைடின் மேல் மாங்கனீசு கலந்த மற்றோர் ஆக்சைடு அடுக்கு வேகமாக வளர்வதால் பொதுவாக ஒரு படி கீழேதான். ஆனாலும் அந்த மேலடுக்கு குரோமியம் ஆவியாவதைக் குறைப்பதால், எரிபொருள் மின்கலங்களின் இணைப்புத் தகடுகளுக்கான எஃகில் மாங்கனீசைச் சிறிதளவு வேண்டுமென்றே சேர்க்கிறார்கள்.

உரிய பெயரில், உரிய விலையில் வந்தால் 201ஐ உலர்ந்த உள்ளறைப் பணிகளுக்கு ஏற்கலாம். சிக்கல், அது 304 என்ற பெயரில் வருவதும், தர அட்டவணை எதிலும் இல்லாத, குரோமியம் 13, 14 விழுக்காட்டுக்கு இறங்கிய சரக்கு 201 என்ற பெயரில் வருவதும்தான். இரண்டிலும் காந்தம் ஒட்டாது. பளபளப்பில் வேறுபாடு தெரியாது. கையடக்க எக்ஸ் கதிர் பகுப்பாய்வுக் கருவியை வைத்தால் சில நொடிகளில் மாங்கனீசும் நிக்கலும் வெளிப்பட்டுவிடும். ஆனால் அந்தக் கருவி கார்பனையும் நைட்ரஜனையும் காட்டாது. 304ஆ, கார்பன் குறைந்த 304எல்லா என்பதை அதைக் கொண்டு தீர்மானிக்க முயல்வது வீண்.

நைட்ரஜனைத் தனியாகப் பாராட்ட வேண்டும். காற்றிலிருந்து கிடைக்கும், செலவு மிகக் குறைந்த இந்தத் தனிமம், குழியரிப்பைத் தடுப்பதில் எடைக்கு எடை மாலிப்டினத்தையே மிஞ்சுகிறது. சிறு குழி ஒன்று தொடங்கியதும் அதற்குள் கரைந்த உலோக அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. குளோரைடும் உள்ளே இழுக்கப்படுகிறது. குழி தன்னைத்தானே ஆழமாக்கிக்கொள்கிறது. எஃகில் நைட்ரஜன் இருந்தால் அது அந்த அமிலத்தை உறிஞ்சி அம்மோனியமாக மாறுகிறது, குழிக்குள் அமிலம் தணிகிறது. வலிமையும் கூடுகிறது, சிக்மா உருவாவதும் தள்ளிப்போகிறது. உருகிய எஃகில் போதிய அளவு கரையவைப்பதுதான் சிரமம். அதற்குக் குரோமியமும் மாங்கனீசும் கைகொடுக்கின்றன.

குழியரிப்பு எதிர்ப்பைக் கணக்கிட எல்லோரும் பயன்படுத்தும் சூத்திரம் இதையெல்லாம் ஒரே வரியில் வைக்கிறது: குரோமிய விழுக்காடு, அதோடு மாலிப்டினத்தின் 3.3 மடங்கு, அதோடு நைட்ரஜனின் 16 மடங்கு. 430க்கு 16ஐ ஒட்டியும், 304க்கு 18, 19 அளவிலும், 316க்கு 24ஐ ஒட்டியும், ஃபெரைட்டும் ஆஸ்டெனைட்டும் பாதிக்குப் பாதி கலந்த டூப்ளக்ஸ் 2205க்கு 35ஐ ஒட்டியும் எண் வருகிறது. கடல்நீரில் நேரடியாக மூழ்கும் பணிக்கு 40க்கு மேல் வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. சூத்திரத்தில் நிக்கல் இல்லை என்பதைக் கவனியுங்கள். கந்தகமும் இல்லை, மேற்பரப்பும் இல்லை. ஆகவே இது ரகங்களை வரிசைப்படுத்த உதவும் எண்தானே தவிர, ஆயுளைச் சொல்லும் எண் அல்ல.

மாலிப்டினம் 2 முதல் 3 விழுக்காடு சேர்ந்ததுதான் 316. உப்புக்காற்று படும் கைப்பிடிகளில், ரசாயனத் தொட்டிகளில், குளோரைடு கலந்த குளிர்நீர்க் குழாய்களில் இதற்குக் கொடுக்கும் கூடுதல் விலை வீண்போவதில்லை. கடலோரத்தில் இரண்டு கைப்பிடிகளை அருகருகே வைத்துப் பார்த்தால், 304இல் தேயிலைச் சாறு தெளித்ததுபோல் பழுப்புப் புள்ளிகள் பரவியிருக்கும். 316இல் அவை குறைவாக, பெரும்பாலும் மழைநீர் எட்டாத அடிப்பக்கத்தில் மட்டும் இருக்கும். ஆனால் அதே 316ஐக் கரடுமுரடான பட்டையால் குறுக்குவாட்டில் தேய்த்து விற்றால், அந்தக் கோடுகளுக்குள் உப்பு தங்கி, வழவழப்பாக மெருகேற்றிய 304ஐவிட மோசமாகிவிடுவதும் உண்டு. சொரசொரப்பின் சராசரி 0.5 மைக்ரோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குவது, ரகத்தை உயர்த்துவதற்குச் சமமான பலனை மிகக் குறைந்த செலவில் தரும்.

எனினும் 316 என்பது 304இன் அடுத்த படி, எங்கும் அதைவிட உயர்ந்தது என்ற எண்ணத்தை நான் ஏற்கவில்லை. அடர் நைட்ரிக் அமிலத்தில் மாலிப்டினம் உதவுவதில்லை. அங்கே நல்ல 304எல்தான் வழக்கமான தேர்வு. உலை வெப்பத்திலும் மாலிப்டினம் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதில்லை. அதன் ஆக்சைடு 795 டிகிரியிலேயே உருகி ஆவியாகக்கூடியது. காற்றோட்டம் இல்லாத இடங்களில் அது தேங்கினால் காக்கும் செதிலையே கரைத்துவிடும். உலைக்குள் வைக்கும் தட்டுக்கு 304க்குப் பதில் 316 கொடுத்து, உயர்ந்த சரக்கு தந்திருக்கிறோம் என்று சொல்கிறவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

கார்பன் இந்தக் கதையின் வில்லன். ஆனால் கத்திகளில் அதுதான் நாயகன். பற்றவைக்கும்போது வெல்டின் இருபுறமும் ஒரு பட்டை 450 முதல் 850 டிகிரிக்குள் சிறிது நேரம் இருக்கிறது. அந்த நேரத்தில் கார்பன், படிகங்களின் எல்லைகளுக்கு ஓடி, அங்கே குரோமியத்தைப் பிடித்துக் கார்பைடாகிவிடுகிறது. எல்லையை ஒட்டிய மெல்லிய வளையத்தில் குரோமியம் படலத்துக்குத் தேவையான அளவுக்குக் கீழே இறங்குகிறது. பின்னர் அமிலம் அந்த எல்லைகளைப் பின்தொடர்ந்து உள்ளே செல்லும். வெல்ட் அப்படியே இருக்க, அதற்குச் சில மில்லிமீட்டர் தள்ளி, அதற்கு இணையாக ஒரு கோடு விழுந்திருக்கும். விரலால் தடவினால் சர்க்கரைத் துகள்போல உலோகம் உதிரும். கார்பனை 0.03 விழுக்காட்டுக்குள் அடக்கிய 304எல், 316எல் ஆகியவை இதற்கான மருந்து. 1960களின் இறுதியில் ஆர்கானும் ஆக்சிஜனும் ஊதிக் கார்பனை நீக்கும் முறை தொழிலுக்கு வந்த பிறகு இந்த ரகங்கள் மலிவாகிவிட்டன. அதற்கு முன், குரோமியத்துக்குப் பதிலாகக் கார்பனைப் பிடித்துக்கொள்ள 321இல் டைட்டானியமும் 347இல் நியோபியமும் சேர்த்தார்கள். இன்று சாதாரணப் பற்றவைப்புக்கு 321 வாங்கத் தேவையில்லை. நெடுநேரம் அந்த வெப்ப எல்லைக்குள்ளேயே பணிபுரியும் குழாய்களுக்கு அது இன்னும் பொருத்தமானது.

பற்றவைப்பில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. வெல்டின் ஓரத்தில் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, நீலம் என்று நிறங்கள் படிகின்றன. அந்த நிறம் தடித்த ஆக்சைடு; அதற்கு நேர் கீழே குரோமியம் குறைந்த உலோகம் இருக்கிறது. நீலமாக விட்டுவைத்த 316எல் வெல்டிலிருந்து 304க்குரிய எதிர்ப்பைக்கூட எதிர்பார்க்க முடியாது. நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கலவையால் அந்த அடுக்கையும் அதன் கீழுள்ள வறிய உலோகத்தையும் நீக்கிய பிறகே, வாங்கிய ரகம் முழுமையாக நம் கைக்கு வருகிறது. மேலோட்டமாகத் துலக்கித் தருவது போதாது.

கத்திக்கான 420இலும் 440சியிலும் கடினம் வேண்டி 0.15 முதல் 1.2 விழுக்காடு வரை கார்பன் சேர்க்கிறார்கள். 440சியில் 17 விழுக்காடு குரோமியம் இருப்பதாகப் பட்டியல் சொல்லும். அதில் கணிசமான பங்கு கார்பைடுகளில் பூட்டிக் கிடப்பதால், 430ஐப் போலவே தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கடைசல் எளிதாக வேண்டும் என்று 0.15 விழுக்காட்டுக்கு மேல் கந்தகம் சேர்த்த 303 மற்றொரு பொறி. நட்டுகளும் இணைப்புகளும் அதில் அழகாகக் கடைந்து வரும். பக்கத்திலுள்ள 304 குழாய் பளிச்சென்றிருக்க, அந்த நட்டு மட்டும் புள்ளி புள்ளியாகக் குழி விழும். ஈரமான இடத்துக்கு 303ஐ நான் ஏற்பதில்லை.

வெப்பப் பணிக்கென்றே செய்யப்பட்ட ரகங்களில் 310எஸ் பழைய நம்பிக்கைக்குரிய சரக்கு: 25 விழுக்காடு குரோமியம், 20 விழுக்காடு நிக்கல். விலை அதிகம், நடுத்தர வெப்பத்தில் சிக்மாவால் நொறுங்கும் குறையும் உண்டு. எனக்கு மேலும் பிடித்தது 253எம்ஏ. அதில் குரோமியம் 21, நிக்கல் 11 தான், ஆனால் 1.7 விழுக்காடு சிலிக்கன், சிறிது நைட்ரஜன், 0.05 விழுக்காடு சீரியம் இருக்கின்றன. சிலிக்கன், குரோமியம் ஆக்சைடுக்குக் கீழே மெல்லிய சிலிக்கா அடுக்கை உருவாக்குகிறது. உலோகத்துக்குள் கார்பன் ஊடுருவுவதையும் தடுக்கிறது. சீரியம் செய்வது இன்னும் நுட்பமானது. வழக்கமாகக் குரோமியம் செதிலின் வழியாக வெளிநோக்கி நகர்ந்து ஆக்சைடை வளர்க்கும். அப்போது செதிலுக்கும் உலோகத்துக்கும் இடையில் வெற்றிடங்கள் சேர்ந்து பிடிப்பு தளரும். சீரியம் அந்த வெளிநோக்கிய நகர்வை ஒடுக்கிவிடுவதால் செதில் மெதுவாக, மெல்லியதாக வளர்கிறது. பிடிப்பைக் கெடுக்கும் கந்தகத்தையும் சீரியம் கட்டிவிடுகிறது. அரிமண் தனிமங்களின் இந்தப் பயன் 1930களிலேயே காப்புரிமை பெற்றது. விழுக்காட்டின் இருபதில் ஒரு பங்கு தனிமம், நான்கு விழுக்காடு குரோமியம் குறைந்ததையும் ஒன்பது விழுக்காடு நிக்கல் குறைந்ததையும் பெருமளவு ஈடுசெய்வதை இந்த ரகத்தில் பார்க்கிறோம்.

அதற்கும் மேலே, 1100 டிகிரியைத் தாண்டினால், அலுமினியத்தின் ஆட்சி. ஏறத்தாழ 22 விழுக்காடு குரோமியமும் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் அலுமினியமும் கொண்ட, காந்தல் (Kanthal) என்ற வணிகப் பெயரால் அறியப்படும் வகைக் கலவைகள் 1400 டிகிரி வரை போகின்றன. அலுமினா செதில் குரோமியம் ஆக்சைடைவிட மிக மெதுவாக வளர்கிறது, ஆவியாவதில்லை, நீராவிக்கும் அசைவதில்லை. உலைக் கம்பிச்சுருள்களுக்கு இதைவிடத் தோதான சரக்கு அரிது. ஆனால் அந்த வெப்பத்தில் வலிமை மிகக் குறைவு, ஒருமுறை சூடாகி ஆறிய பின் வளைத்தால் ஒடியும். தாங்கும் சட்டமாக இதை நினைக்க வேண்டாம்.

ஈரச் சோதனையின் மேல்வரிசையில் 2205ஐயும் 904எல்லையும் ஒப்பிட்டால் என் ஓட்டு முன்னதற்கே. 2205இல் குரோமியம் 22, நிக்கல் 5, மாலிப்டினம் 3, நைட்ரஜன் 0.17 விழுக்காடு. குழியரிப்பு எண்ணில் இரண்டும் ஏறத்தாழ சமம். 2205இன் நெகிழ்வு வலிமை (நிலையாக உருக்குலையத் தொடங்கும் முன் தாங்கும் விசை) 316ஐப்போல இரு மடங்குக்கும் மேல். பாதி ஃபெரைட் என்பதால் தகைவு விரிசலையும் நன்கு எதிர்க்கிறது. ஏறத்தாழ 300 டிகிரிக்கு மேல் நெடுங்காலம் வைக்கக் கூடாது என்பதும், பற்றவைப்பில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர் வேண்டும் என்பதும் அதன் நிபந்தனைகள். 25 விழுக்காடு நிக்கலோடு, 4.5 விழுக்காடு மாலிப்டினமும் 1.5 விழுக்காடு செம்பும் சேர்த்த 904எல், கந்தக அமிலத்துக்காகவே உருவாக்கப்பட்டது; அங்கே செம்பின் பங்கு பெரிது, அங்கே அதற்கு ஈடு 2205 இல்லை. கைக்கடிகாரத்தில் அதைப் பயன்படுத்துவது பெருமைக்குரிய செலவு. வியர்வைக்கு 316எல் போதும்.

கடைசியாக, 316 வாங்குகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. தர அட்டவணை மாலிப்டினம் 2 முதல் 3 விழுக்காடு என்று அனுமதிக்கிறது. மாலிப்டினம் விலையுயர்ந்தது என்பதால் ஆலைகள் கீழ் எல்லையை ஒட்டியே உருக்குகின்றன. ஆலைச் சோதனைச் சான்றிதழைப் புரட்டினால் 2.02, 2.05 என்ற எண்களே அடிக்கடி கண்ணில் படும். சான்றிதழில் தவறு எதுவும் இல்லை. ஆனால் 2.5 விழுக்காடு இருந்தால் குழியரிப்பு எண் ஒன்றரைக்கு மேல் கூடுகிறது. உப்பு படும் இடத்தில் அந்த ஒன்றரை மதிப்புள்ளது. ஐரோப்பிய எண்களில் 1.4432, 1.4435 ஆகிய இரண்டும் மாலிப்டினத்தைக் குறைந்தது 2.5 என்று வகுத்திருக்கின்றன. கொள்முதல் ஆணையில் வெறுமனே 316எல் என்று எழுதாமல், இவற்றில் ஒன்றையோ, மாலிப்டினம் 2.5க்குக் குறையக் கூடாது என்ற ஒரு வரியையோ சேர்த்து, சரக்கு இறங்கும்போது தகட்டில் பொறித்த உருக்கு எண்ணை (எந்த உருக்கிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) சான்றிதழோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.